சாயங்காலம் வரைக்கும் பிணம்

தான் செத்துப்போன சேதி ரேணுகாம்பாளுக்குப் பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது. வாசலில் யாரோ ஓவென்று அழுதார்கள். வாயில் நுரையோடு மாடியிலிருந்து இறங்கிக் கதவைத் திறந்தாள். பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த சடையன், கை கொள்ளாத ரோஜா மாலையோடு நின்றான். அவளுடைய கச்சேரிகளுக்கெல்லாம் டிரம்ஸ் அடித்தவன். அவளைப் பார்த்ததும் அழுகை அப்படியே நின்றுபோய், மாலையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யக்கா, நீ உயிரோடவா கீற?"

"ஏன், அதுல உனக்கு எதுனா பேஜாரா?"

அவன் செல்போனில் வந்திருந்த படத்தை நீட்டினான். ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரே கட்டிய ஃபிளெக்ஸ் பேனர். கறுப்புப் பின்னணியில் கிட்டாரும் கையுமாக இளவயது ரேணுகாம்பாள். கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, 1985 – 2024.

விஷயம் இதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று அவளுடைய ராக் பாட்டுகளை எல்லாம் திரட்டி, ஆறு இசைத்தட்டும் ஒரு தடித்த படப்புத்தகமுமாக ஒரே பெட்டியில் அடைத்திருந்தது. அன்று சாயங்காலம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வெளியீடு. முதல் கேசட் வந்தது எண்பத்தைந்தில். கடைசியாக மேடை ஏறியது இருபத்து நான்கில். படமும் வருஷமும் மட்டும் போதும், பார்க்கிறவன் யோசிக்கணும் என்று கம்பெனிக்காரன் சதீஷ் டிசைன் அனுப்பினான். பார்த்தவன் யோசிக்கவே இல்லை. ஒரு படம், கீழே இரண்டு வருஷம் என்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கும் சும்மா இருக்க மனசு வரவில்லை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றி, மேலேயிருந்து பூவும் தூவியிருந்தார். நல்ல மனுஷன்.

சடையன் சிரிக்க ஆரம்பித்தான். ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியின் மேலும் அச்சாகியிருந்த அந்த இரண்டாவது வருஷம் ஏற்கெனவே அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. புதிதாக ஒரு பாட்டுப் போட்டிருந்தாள். அதையும் பெட்டியில் சேர்க்கச் சொன்னபோது சதீஷ் முடியாது என்று மண்டையை ஆட்டிவிட்டான். "பெட்டின்னா முடிஞ்சதுக்குத்தான் மேடம். புதுசு கலந்தா அந்த ஃபீல் போயிடும்." சண்டை போட்டுப் பார்த்துக் கடைசியில் சரி என்று தலையாட்டியிருந்தாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

போன் அடித்தது. சதீஷ்தான். முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கியிருந்தான். குரலில் துக்கம் ஒரு துளி இல்லை.

"மேடம், பேனரைப் பாத்துட்டு எல்லாரும் தப்பா நினைச்சுட்டாங்க. ஆனா நம்ம பெட்டியைக் கேட்டு மெசேஜ் கொட்டுது. ஒரே ஒரு ரிக்வெஸ்ட். சாயங்காலம் வரைக்கும் வெளிய வராதீங்க. யார் கேட்டாலும் எதுவும் சொல்லாதீங்க. திடீர்னு மேடையில வந்து நின்னீங்கன்னா மண்டபமே அதிரும்."

"அதுவரைக்கும் நான் பொணமா?"

"சாயங்காலம் வரைக்கும்தானே மேடம்."

ரேணுகாம்பாள் போனை வைத்தாள். திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த காலத்தில், பொம்பளைக்கு எதற்குக் கரண்டு கிட்டார் என்றார்கள். வாசித்தாள். நின்று வாசிக்காதே, உட்கார்ந்து வாசி என்றார்கள். முன்னால் வந்து நின்று வாசித்தாள். உன்னால் அண்ணனுக்கு யாரும் பெண் தர மாட்டார்கள் என்றார்கள். அந்த அண்ணனுக்கு வந்து வாய்த்த ராஜம்மாள்தான் இப்போது அடுப்படியிலிருந்து ஓடி வந்து நிற்கிறாள். உயிரோடு இருந்தபோது யாருக்கும் அடங்காதவள், செத்த பிறகா அடங்கப்போகிறாள்?

கிட்டாரைத் தோளில் மாட்டினாள். சின்ன ஆம்ப்ளிஃபையரைச் சடையன் கையில் திணித்தாள்.

"ரேணு, துக்கத்துக்கு ஜனங்க வந்துகினு இருக்காங்கடி. நான் இன்னா சொல்றது?" என்றாள் ராஜம்மாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லு அண்ணி. பொணம் அங்கதான் கீதுன்னு சொல்லு."

ஆட்டோவை விட்டு அவள் இறங்கியதும் டீக்கடையில் பேச்சு நின்றது. ஒரு கிழவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்டது தனக்கா, தன் ஆவிக்கா என்று விசாரிக்க அவளுக்கு நேரமில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டு பிளக்கைச் சொருகினாள்.

"சடையா, அந்த மாலையப் போடு."

"யக்கா, இது பொணத்துக்கு வாங்கினது."

"பூவுக்கு அது தெரியுமா? ஜல்தியா போடு."

அவன் மாலையை அவள் கழுத்தில் போட்டான். கூட்டத்தில் ஒரு பெண் "அய்யோ, ஆவாதும்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ரேணுகாம்பாள் டீக்கடையில் கத்தி வாங்கி அவனிடம் கொடுத்துப் பேனரைக் காட்டினாள். அவன் பெஞ்சின் மேல் ஏறி இரண்டாவது வருஷத்தை மட்டும் சதுரமாக அறுத்தெடுத்தான். 1985க்குப் பக்கத்தில் ஒரு கோடும், அதை அடுத்து ஓட்டையும், ஓட்டையில் பின்னால் இருந்த மெடிக்கல் ஷாப்பும் தெரிந்தன.

அப்போதுதான் சதீஷ் காரிலிருந்து குதித்து ஓடி வந்தான்.

"மேடம், இன்னா பண்றீங்க? எல்லாம் பாழாப் போச்சு!"

பதற்றத்தில் அவனுடைய நாசூக்குப் பேச்சு கழன்று, எங்களைப் போல 'இன்னா' வந்துவிட்டது.

"பெட்டியிலயும் அந்த வருஷத்த எடு. புதுப் பாட்டையும் சேரு."

"பெட்டியெல்லாம் பிரிண்ட் ஆயிடுச்சே மேடம்!"

"அப்ப திரும்ப அடி. இல்லன்னா சாயங்காலம் நீயே வெளியிட்டுக்க. பொணம் மண்டபத்துக்கு வராது."

சுற்றி நின்ற ஜனம் பார்த்த பார்வையில், சதீஷ் டீக்கடை ஓரமாக ஒதுங்கி யாருக்கோ போன் போட ஆரம்பித்தான். ரேணுகாம்பாள் தந்தியைத் தட்டினாள். பஸ் ஸ்டாண்டே திரும்பியது. நிறுத்தத்தில் நின்ற கண்ணமங்கலம் பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். "பழசைப் போடும்மா!" என்று ஒருவர் கத்தினார்.

"அதெல்லாம் பெட்டியில கீது. வாங்கிக் கேட்டுக்க. இது புதுசு."

சடையன் ஒரு காலித் தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் பிடித்தான். பாட்டு மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பிடித்தது. டிரைவர் ஸ்டார்ட் செய்த வண்டியை அணைத்தார். ராஜம்மாளும் தெருச் சனங்களும் வந்து கூட்டத்தில் கலந்தார்கள். வேகம் எடுக்கும் இடத்தில், வயசான விரல் ஒன்று வழுக்கியது. தப்பான சுரம் ஒன்று கர்ரென்று அலறி, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. சடையனின் கை நின்றது. சதீஷ் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அந்த ஆறு தட்டிலும் இப்படி ஒரு பிசகு இல்லை. எல்லாவற்றையும் தேடித் தேடி வெட்டியிருந்தார்கள்.

ரேணுகாம்பாள் விரல்களை உதறிவிட்டு, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தப்பாயிடுச்சு," என்றாள். "யாரும் போவாதீங்க. திரும்ப முதல்லேர்ந்து."