ஸ்தோயிலின் இடது விலா

ஸ்தோயில் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி மனைவியின் கையில் எறிந்தான். கூட்டத்தில் பேச்சு நின்றது. பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து எவனோ சிரித்தான்.

ஸ்தோயிலின் முதுகு முழுக்க வட்ட வட்டமாகத் தடங்கள். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை இரண்டு வரிசை. குப்பி வைத்த தடங்கள்தான். சளி பிடித்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் வைத்துக்கொள்வதுதான். ரக்கியாச் சாராயத்தில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் குப்பிக்குள் காட்டி, சூடு ஆறுமுன் முதுகில் கவிழ்த்தால் தோலைக் கவ்விக்கொள்ளும். எடுத்த பிறகு ஒரு வாரத்துக்கு அடையாளம் போகாது.

வலது பக்கத் தடங்கள் வெளிர்ச் சிவப்பு. இடது விலாவின் மேல் இருந்த நான்கும் கறுத்த பிளம்ஸ் நிறம். எங்கே கறுக்கிறதோ அங்கேதான் சளி உட்கார்ந்திருக்கிறது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அவனோடு இறுதிச் சுற்றில் மோத வேண்டியவன் நான்.

"பாத்தியாடா கன்யோ?" நடுவர் பென்கோ என் தோளில் சூரியகாந்தி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தார். முன்னொரு காலத்தில் அவரும் மல்யுத்த வீரர்தான். இப்போது காதும் இல்லை, பல்லும் இல்லை. "ஆறு வருஷமா ஒருத்தனும் அவன் முதுகை மண்ணுல பாத்ததில்ல. இன்னிக்கு முதுகே உனக்கு வரைபடம் போட்டுக் குடுக்குது."

"அவரை நிறுத்தக்கூடாதா மாமா?"

"சொன்னேன். என்னையே தூக்கிப் போட்டுடுவேன்னான்."

மேளமும் நாயனமும் ஆரம்பித்தன. புனித பெத்காவின் திருநாள், அக்டோபர் கடைசி. வயல்வெளியில் அடித்த காற்று எண்ணெய் பூசிய உடம்பில் ஊசியாகக் குத்தியது. களத்தின் ஓரத்தில் ஒரு மாட்டுவண்டி. அதன் மேல்தான் அந்த வருஷத்துப் பரிசு. வழக்கமாகக் கொடுக்கும் செம்மறிக்கடா இல்லை. நான்கு கால், இரண்டு கதவு, மூன்று முழம் புகைக்குழாயோடு கறுத்துப் பளபளக்கும் வார்ப்பிரும்பு அடுப்பு. திராட்சைக் கூட்டுறவுச் சங்கத்தார் நகரத்திலிருந்து வாங்கி வந்திருந்தார்கள்.

வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து என் மனைவி வேலிகா நின்றிருந்தாள். ஏழு மாதம். முதல் பிள்ளை போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் பிறந்து, நாற்பது நாள் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் திறந்த கணப்புதான். நெருப்பு எரிந்தால் அறை முழுக்கப் புகை. அணைத்தால் சுவரில் பனி பூக்கும். அந்த நாற்பது நாளும் பிள்ளை இருமியதைத் தவிர வேறு சத்தம் எனக்கு நினைவில்லை.

காலையில் கிளம்பும்போது வேலிகா சொன்னாள்: "அடுப்பு இல்லாம வீட்டுக்கு வந்தேன்னு வை, இந்தத் தடவை நான் மாட்டுக் கொட்டகையில பெத்துக்குவேன். அங்கயாவது மாட்டு மூச்சு சூடா இருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

பென்கோ கையைத் தட்டினார். நாங்கள் மோதினோம்.

ஸ்தோயில் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். பக்கத்து ஊரான லிபாவோவில் கொல்லன். அவன் கையில் மாட்டினால் இடுக்கியில் மாட்டியது மாதிரிதான். முதல் பிடியிலேயே கழுத்தை மடக்கினான். நான் வழுக்கி வெளியே வந்தேன். அவன் உடம்பு கொதித்தது. அவ்வளவு காற்றிலும் அவன் தோளிலிருந்து ஆவி பறந்தது.

"என்ன தம்பி, அடுப்பைத் தொடுற மாதிரி கையை எடுக்கிற?" என்றான்.

"அண்ணே, காய்ச்சல் அடிக்குது உங்களுக்கு."

"உங்க ஊர்ல வாயாலதான் குஸ்தி போடுவீங்களா?"

வலது பக்கமாகவே பிடித்தேன். இடது பக்கம் கை போகும்போதெல்லாம் இழுத்துக்கொண்டேன். பாவம் பார்த்தேன் என்று சொல்லலாம். என்னைப் பற்றி யாரும் தப்பாகப் பேசக்கூடாது என்ற பயமும் இருந்தது. நோயாளியின் நெஞ்சை நெரித்து அடுப்பு வாங்கினான் என்ற பெயர் ஒட்டினால் சாகும்வரை போகாது.

கால் மணி நேரம் ஆனது. மேளம் ஓயவில்லை. ஸ்தோயிலின் உதடு நீலமாக மாறுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் நெஞ்சுக்குள்ளே ஈரக் கயிற்றை உருவுவது போல ஒரு சத்தம். ஆனால் கை மட்டும் தளரவில்லை.

நெற்றியும் நெற்றியும் முட்டி நின்றபோது மெதுவாகக் கேட்டேன்: "அண்ணே, சமம்னு சொல்லிடலாமா?"

"சொல்லலாம். அடுப்பை ரெண்டா அறுக்க ரம்பம் வெச்சிருக்கியா?"

"உங்க வீட்லதான் அடுப்பு இருக்கே."

"இருக்கு. அடுப்புக்காகவா நான் வந்தேன்?"

எதற்காக வந்தான் என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷம் விழாதவன், ஒரு சளிக்குப் பயந்து வீட்டில் படுத்தான் என்று சொல்ல விடமாட்டான்.

அப்போது ஒரு முடிவுக்கு வந்தேன். வேலிகா நின்ற பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அடுத்த பிடியில் முழங்காலைத் தளர்த்தி, அவன் இழுத்த பக்கம் சாய்ந்தேன். போகட்டும், கொட்டகையில் பிறக்கட்டும்.

என் முதுகு மண்ணைத் தொட ஒரு சாண்தான் இருந்தது. ஸ்தோயில் கையை விட்டுவிட்டான். எழுந்து நின்று, என் முகத்துக்கு நேரே துப்பினான்.

"நடிக்கிறியா? என் மேல இரக்கப்படுறியா? எழுந்திருடா. ஒழுங்கா போடு. இன்னொரு தடவை படுத்தேன்னா கழுத்தை ஒடைப்பேன்."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. லிபாவோக்காரர்கள் கை தட்டினார்கள். வேலிகாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மறுபடி மோதினோம். அரைமணி நேரம் தாண்டியது. இப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் ஜெயிக்க மறுக்கிறேன். தோற்க அவன் விடமாட்டேன் என்கிறான். நடுவில் அவன் நுரையீரல் கிழிந்துகொண்டிருக்கிறது. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து நான்தான் இதை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டிப் புரண்டோம். களத்தின் ஓரம்வரை உருண்டு போனோம். அவன் தலை என் அக்குளுக்குள், காது புல்லில் அழுந்தியிருந்தது. நான் தலையைத் தூக்கியபோது கண்ணுக்கு முன்னால் ஒரு பெண்ணின் கம்பளிக் காலுறை தெரிந்தது. மேலே பார்த்தேன். கையில் ஆட்டுத்தோல் கோட்டோடு ஸ்தோயிலின் மனைவி தோன்கா.

மேளக்காரன் எங்கள் தலைமாட்டிலேயே அடித்துக்கொண்டிருந்தான். தோன்கா கோட்டைச் சரிசெய்வது போலக் குனிந்தாள்.

"இடது பக்கம் பிடிடா," என்றாள்.

எனக்குத் தவறாகக் கேட்டதோ என்று விழித்தேன்.

"குப்பி வெச்சவ நான். எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே விட்டா செத்துப்போவான். சீக்கிரம் முடி."

நிமிர்ந்து, மற்றப் பெண்களோடு சேர்ந்து புருஷனின் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தாள்.

நான் அவனைக் களத்தின் நடுவுக்கு இழுத்தேன். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். அந்த நான்கு கறுப்பு வட்டங்களின் மேல் என் முன்னங்கையை வைத்து, என்னிடம் இருந்த பலம் எல்லாவற்றையும் போட்டு இறுக்கினேன். மெதுவாக இறுக்கினால் அவனுக்குத்தான் வேதனை. ஒரே இறுக்கு.

அவன் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுதத் தெரியவில்லை. கை இரண்டும் விழுந்தன. சட்டென்று பிடியை விட்டு, தலை அடிபடாமல் உள்ளங்கையில் தாங்கி அவனைப் புரட்டினேன். இரண்டு தோளும் மண்ணைத் தொட்டன. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஸ்தோயிலின் வயிறு வானத்தைப் பார்த்தது.

பென்கோ என் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. யாரும் கை தட்டவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள்கூடத் தட்டவில்லை.

"தூ, இதுவும் ஒரு ஜெயிப்பா?" ஒரு கிழவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. "சீக்காளிய நெஞ்சுல பிடிச்சான்."

"மாட்டை அறுக்குறவன்கூட நோவு கண்ட எடத்துல கத்தி வெக்க மாட்டான்."

தோன்கா ஓடி வந்து கோட்டைப் புருஷன் மேல் போர்த்தினாள். நான்கு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் அடுப்பை நானும் வேலிகாவும்தான் வண்டியிலிருந்து இறக்கினோம். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. ஏழு மாத வயிற்றோடு அவள் புகைக்குழாயைத் தூக்கினாள்.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டாள். "நீயா அந்தப் பக்கம் பிடிக்கிற ஆள் இல்ல."

சொன்னேன். அவள் குழாயைக் கீழே வைத்தாள். பிறகு, "வெளிய சொல்லாத," என்றாள். "பொண்டாட்டியே காட்டிக் குடுத்தான்னு தெரிஞ்சா அவன் நோவுல சாகமாட்டான், அதுலயே செத்துடுவான்."

பதினோரு நாள் லிபாவோவிலிருந்து எந்தச் சேதியும் இல்லை. கடையில் உப்பு வாங்கப் போனால் பேச்சு நின்றது. பென்கோகூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பை எடுத்துக்கொண்டு, நெஞ்சில் தேய்க்க ஆகுமே என்று லிபாவோவுக்கு நடந்தேன்.

ஸ்தோயில் அடுப்பை ஒட்டிப் போட்ட கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தான். பாதி ஆளாக இருந்தான். தோன்கா மேஜையில் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்த?" என்றான்.

"பாத்துட்டுப் போகலாம்னுதான் அண்ணே."

"அரைமணி நேரம் நீ அந்தப் பக்கம் கை வெக்கல. எனக்குத் தெரியும். ஓரத்துக்கு உருண்டு போனோம். திரும்பி வந்ததும் பிடிச்ச." மூச்சு வாங்க நிறுத்தினான். "யாரு சொன்னது?"

துடைக்கிற துணியின் சத்தம் நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யாரு சொல்லணும்? கறுப்பா நாலு வட்டம். எனக்குக் கண்ணு இல்லையா? அடுப்பு வேணும்னு இருந்துச்சு, பிடிச்சேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு திட்ட ஆரம்பித்தான். என்னை, என் அப்பாவை, எங்கள் ஊரை, எங்கள் ஊர்க் கழுதைகளை. இரண்டு தடவை இருமி நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். நான் ஜாடியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தோன்கா வாசல்படல்வரை பின்னால் வந்தாள். "இனிமே இந்தப் பக்கம் காலெடுத்து வெச்சே, நாயை அவுத்து விட்டுடுவேன்," என்று உள்ளே கேட்கும்படி கத்தினாள். கத்திக்கொண்டே என் முன்னங்கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். பிறகு படலைச் சாத்தினாள்.

வீடு வந்து சேர்ந்தபோது வேலிகா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கான்?"

"என்னைத் திட்டுறான்."

"எவ்வளவு நேரம்?"

"நான் தெருமுனை திரும்புற வரைக்கும் கேட்டுது."

அவள் மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ்வளவு மூச்சு இருக்கா," என்றாள். "அப்ப சரி."