பாதி மைதா

மாவு பிசைவதற்கு முன் அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். காற்று பட்டால் மாவு காய்ந்துவிடும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அலமாரியின் மேல்தட்டில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் மைதா இருந்தது. கதவு சாத்திய பிறகுதான் அந்த டப்பா கீழே இறங்கும்.

லாரிகளை எடை போடும் மேடையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். எடையைக் கூட்டிக் காட்ட டிரைவர்கள் செய்யும் தில்லுமுல்லு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. "இந்த ஆளுகிட்ட ஒரு கிலோ தப்பாது" என்று அவர்களே சலித்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்றதும் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது. மனைவி இன்னும் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது டாக்டர் கடை ரொட்டியை நிறுத்தச் சொன்னார். முழுக் கோதுமையில் செய்ததென்றால் பரவாயில்லை என்றார்.

"நான் போட்டுத் தரேன்" என்றார் இவர். அதுவரை அடுப்பில் வெந்நீர் வைத்ததோடு சரி.

முதல் ரொட்டி அச்சில் பாதி உயரம்கூட எழும்பவில்லை. வெட்டினால் உள்ளே களிமண் மாதிரி ஈரம். அன்று வந்திருந்த மைத்துனன் ஒரு துண்டைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான்.

"அத்தான், இதை உங்க மேடையில ஏத்தினீங்களா? லோடு லாரி தோத்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு போட்டவையும் தட்டையாகவே வந்தன. ஒரு நாள் கோதுமை மாவோடு ஒரு பிடி மைதாவைச் சேர்த்தார். மாவு கைக்கு அடங்கியது. அடுத்த முறை இன்னொரு பிடி. பிறகு பாதிக்குப் பாதி. ஈஸ்ட் பொங்குவதற்கென்று ஒரு கரண்டி சர்க்கரை போட்டவர், மிருதுவாக இருக்கட்டும் என்று மேலும் இரண்டு கரண்டி போட்டார். மாவு உள்ளங்கைக்கடியில் பட்டுத் துணிபோல நீண்டது. அச்சின் விளிம்பைத் தாண்டி எழுந்து நின்றது.

"இது கோதுமையா அத்தான்?" என்று மைத்துனன் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே கேட்டான்.

"கோதுமைதான்."

"அப்ப மன்னிச்சிடுங்க. அன்னிக்குப் பேசின வாய் இதுதான், இப்ப அடைச்சிட்டீங்க."

மாடி வீட்டு அம்மா, "பேசாம ஒரு கடை வச்சிடுங்கண்ணா" என்றாள். அவர் அடக்கமாகக் கையை ஆட்டினார். படியேறிப் போய் அவளுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு நாள் காலையில் ஒரு துண்டை விரலால் அமுக்கினாள். அது மறுபடி எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்காக எவ்வளவு மெனக்கெடறீங்க" என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று கேட்டு, வைத்தார்.

கோதுமைதானே என்ற தைரியத்தில் அவள் காலையிலும் அதையே சாப்பிட்டாள், மதியமும் அதையே கட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பசித்தால் கண்டதையும் வாங்கித் தின்னக்கூடாது என்று, இரண்டு துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி அவள் கைப்பையில் அவரே வைத்தார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்க. அப்புறம் எப்படிம்மா ஏறும்?" என்றார் டாக்டர். "என்ன சாப்பிடறீங்க?"

"ரொட்டிதான் டாக்டர். இவரே வீட்டுல போடற கோதுமை ரொட்டி."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அவர் தலை தானாக ஆடியது.

"அப்ப வேற எங்கயோ வாயைத் திறக்கறீங்கம்மா" என்று டாக்டர் மனைவியிடம் சொன்னார்.

விஷயம் கேட்டு மகள் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "ஆபீஸ்ல யாராவது பிறந்தநாள்னு எதையாவது நீட்டுவாங்க. நீயும் வாங்கிப் போட்டுக்குவ. எனக்குத் தெரியாதா உன்னைப் பத்தி?"

"இல்லடி."

"பொய் சொல்லாதம்மா. அப்பாவைப் பாரு. தோள் வலியோட நின்னு மாவு பிசையறாரு. அந்த மனுஷனுக்காவது உண்மையா இருக்க வேணாமா நீ?"

மனைவி கைப்பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். சீப்பு விழுந்தது. கைக்குட்டை, மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூடு, கொஞ்சம் சில்லறை. பையை உதறியபோது காகிதப் பொட்டலம் கடைசியாக விழுந்தது.

"பிரிச்சுப் பாரு" என்றாள்.

மகள் பிரித்தாள். அவர் காலையில் சுற்றி வைத்த ரொட்டி அப்படியே இருந்தது.

"இதைத் தவிர நான் எதையும் வாயில வைக்கறதில்ல. உன் குழந்தை மேல சத்தியமா."

"சரி சரி, அழாத" என்றாள் மகள். அவள் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் கிடந்த சீப்பில் சிக்கியிருந்த நரைமுடி வரைக்கும் கண்ணில் பட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"டீ போடட்டுமா?" என்றார்.

மறுநாள் காலை கதவைத் திறந்து வைத்தே பிசைந்தார். வெறும் கோதுமை மாவு. அது தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. விரலிடுக்கில் ஒட்டி, பிடிவாதக் குழந்தையைப்போல் வர மறுத்தது. எவ்வளவு நேரம் மூடி வைத்தும் சோம்பலாகவே எழுந்தது. ரொட்டி அடுப்பிலிருந்து எடுத்தபோது கறுத்துக் குட்டையாக, உச்சியில் ஒரு வெடிப்போடு இருந்தது. ஆறியதும் வெட்டி மனைவியின் தட்டில் வைத்தார்.

அவள் நெடுநேரம் மென்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஈஸ்ட் பழசாயிடுச்சா?"

வழியை அவளே திறந்துவிட்டாள். டாக்டர் முன்னால் ஆட்டியதைப்போல் தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல. கோதுமை ரொட்டின்னா இப்படித்தான் வரும்."

"அப்ப இத்தனை நாளா?"

"பாதி மைதா. சர்க்கரையும் போட்டேன்."

அவள் துண்டைத் தட்டில் வைத்தாள். வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புவதாக இல்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் சொல்வதற்கு அவரிடம் சில காரணங்கள் இருந்தன. எல்லோரும் சிரித்தது, மாவு எழும்பாதது, அவளுக்கு மிருதுவாக இருக்கட்டும் என்று நினைத்தது. இரவெல்லாம் புரண்டு அவற்றை அடுக்கி வைத்திருந்தார்.

அவள் கத்தவில்லை.

"நேத்து நான் பையைக் கொட்டினேன்" என்றாள். "நீங்க அங்கதான் நின்னீங்க."

"ஆமா."

"டீ போடட்டுமான்னு கேட்டீங்க."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கி வைத்த காரணங்களில் ஒன்றைக்கூட எடுத்து நீட்ட முடியவில்லை. வெளியே வண்டிக்காரன் உதைப்பதை விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு போனான். அவளுடைய பஸ் போயிருக்கும்.

கடைசியில் அவள் எழுந்து போய்த் தன் போனை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் எண்ணைத் தொட்டார்.

மகள் உடனே எடுத்தாள். "சொல்லும்மா."

"நான்தான்."

"என்னப்பா, அம்மா இன்னிக்காவது வாயைக் கட்டினாங்களா?"

"உங்கம்மா மேல தப்பில்லம்மா" என்றார். குரல் எழும்பவே இல்லை.

"என்னது? கேக்கலப்பா. சத்தமா சொல்லுங்க."

மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் வெறுமனே காத்திருந்தாள்.

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. மகளுக்குக் கேட்கும்படி சொன்னார்.