பாதிக் கீல்

கதவைத் திருடிய ஊர்கள் உண்டு, கதவை எரித்துக் குளிர்காய்ந்த ஊர்களும் உண்டு. ஆனால் கதவைப் பென்சில் கோட்டைப்போல் துடைத்து அழித்துவிட்டு, ஒன்பது நாள் அதற்கு உள்பக்கமே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உலகத்திலேயே எங்கள் தெருக்காரர்கள் நான்கு பேர் மட்டும்தான். பேட்டரிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், போட்டோ திருத்தும் வகுப்பு நடந்த அறையில் ஒரு புதன்கிழமை மாலை நாலே காலுக்கு இது நடந்தது. நாலு பதினாலுக்குக் கதவு இருந்தது. நாலு பதினாறுக்குச் சுவர் இருந்தது. வெளியே நான்கு ஜோடிச் செருப்புகள் வெறும் சுவரைப் பார்த்தபடி, கூப்பிட்டால் உள்ளே போகத் தயாராக வரிசையாக நின்றன.

வகுப்பு நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பதினோரு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேருக்குப் பரு நீக்கவும், சிவந்த கண்ணைக் கறுப்பாக்கவும், கல்யாணப் படத்தில் கொட்டாவி விட்ட மாமாவின் வாயை மூடவும் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் திருத்திய முகங்களை வரிசையாக நிறுத்தினால் பூமியை ஒன்றரைச் சுற்றுச் சுற்றும், அதில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆறு கம்ப்யூட்டர், ஆறுக்கும் பழகுவதற்கு ஒரே படம். அது அந்த அறையின் படம்தான். வகுப்பு தொடங்கிய நாளில் பின்பக்க மூலையில் ஸ்டூல் போட்டு ஏறி அவரே எடுத்தது. தொங்கும் ஒயர், சுவரில் ஈரக்கறை, மூலையில் துடைப்பம், கம்பி போட்ட ஜன்னல், எதிரே கதவு என்று கண்ணை உறுத்தும் எல்லாமே அதில் இருந்ததால் பாடம் நடத்த அதைவிடத் தோதான படம் கிடையாது. படம் மாஸ்டரின் மெஷினில் இருக்கும். மற்றவர்கள் அதைத் தங்கள் மெஷினிலிருந்து திறந்து, மேலே ஒரு நகல் லேயர் போட்டு, நகலில் மட்டும் கை வைத்து, கடைசியில் சேவ் பண்ணாமல் மூடிவிட வேண்டும். "நகல் எடு, அப்புறம் கை வை, சேவ் பண்ணாம மூடு" என்று மாஸ்டர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்துவார். அந்தப் புதன்கிழமை அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

கதவை அழித்தது கொத்தனாரின் மகள். அந்தக் கட்டடத்தைக் கட்டிய அதே கொத்தனார். மகளுக்கு ஒன்பதாவது மாதம், புருஷனுக்குக் கப்பலில் வேலை. பிள்ளை பிறந்தபிறகு வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு ஸ்டூடியோக்காரர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார், அதற்காகத்தான் படிப்பு. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வயித்தத் தள்ளிக்கிட்டு ரெண்டு மாடி ஏறி, எவன் மூஞ்சிலயோ இருக்கற புள்ளியத் தொடைக்கப் போறியா?" என்று கேட்டார். "ஆமா, நீங்க சுவத்துல தொடைக்கறீங்க, நான் மூஞ்சில தொடைக்கறேன்" என்று அவள் சொன்னாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவளுடைய மெஷின் நின்றுபோனதால் மாஸ்டரின் மெஷினில் உட்கார்ந்தாள். பாடம், படத்தில் கண்ணை இழுக்கும் தேவையில்லாத பொருளை எடுப்பது. ஒயரை எடுத்தாள், துடைப்பத்தை எடுத்தாள். அப்புறமும் ஏதோ கண்ணை இழுத்தது. பார்த்தால் கதவு. பக்கத்துச் சுவரை, ஓரிடத்தை எடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்ப்பால் தொட்டுத் தொட்டுக் கதவின் மேல் குத்தி மூடினாள், நன்றாக வந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் சேவ் கொடுத்தாள், மூடினாள். திரும்ப அன்டூ போக வழியில்லை, படத்துக்கு வேறு பிரதியும் இல்லை.

மாஸ்டர் நிமிர்ந்து சுவரைப் பார்த்ததுமே இது யார் கை என்று சொல்லிவிட்டார். புதுசாகப் படிப்பவர்கள் எடுத்த இடத்திலிருந்தே திரும்பத் திரும்ப எடுப்பார்கள். கதவு இருந்த இடத்தில் ஒரே ஆணி ஓட்டை, அதன் கீழே அதே வழிந்த பெயின்ட், அதே நீளத்தில், சம இடைவெளியில் ஏழு தடவை இருந்தது. "எத்தன தடவை சொன்னேன், எடுக்கற எடத்த மாத்திக்கிட்டே இருன்னு" என்றார் கட்டிய தொண்டையோடு. வெளியே எப்படிப் போவது என்று யோசிக்க அவருக்கு அதன்பிறகுதான் தோன்றியது.

வெளியிலிருந்து உடைக்காமல் விட்டார்களா என்றால், விடவில்லை. எட்டுச் சுத்தியல் தேய்ந்து கரண்டி அளவுக்கு வந்தன. துளை போடும் மெஷினோடு வந்த தீயணைப்புக்காரர்கள் விரற்கடை ஆழத்துக்குத் துளை போட்டார்கள். கொசுக்கடி ஆறுவதைவிட வேகமாகச் சுவர் ஆறி, மூன்று துளைக்கம்பிகளை விழுங்கிவிட்டது. அவை இன்றைக்கும் சுவருக்குள்தான் இருக்கின்றன. ஜன்னல் கம்பியை அறுத்தார்கள். அறுத்த துண்டு கீழே விழுந்து சத்தம் வருவதற்குள் கம்பி பழையபடி நின்றது. கொத்தனார் வந்து, வெளிப்பக்கமும் அப்படியே வந்திருந்த ஏழு ஆணி ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். "இது எவனோ உள்ள நின்னு பூசின பூச்சு. என் மேல இருக்கற கோவத்துல எம்பொண்ணு செய்யச் சொல்லியிருக்கா. காஞ்சதும் தானா வெடிக்கும், அப்ப வருவா" என்று சொல்லிவிட்டுச் செருப்புகளில் மகளுடையதை மட்டும் எடுத்துத் தூசி தட்டி, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே மாட்டியிருந்த மற்ற இருவரில் ஒருவர் பார்லர் அக்கா, இன்னொருவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். தன் பிரிவுபசாரப் படத்திலிருந்து டிப்போ மேனேஜரை எடுத்துவிடுவதற்காகவே வகுப்பில் சேர்ந்தவர் அவர். சாப்பாடும் தண்ணீரும் கயிறு கட்டிய வாளியில் ஜன்னலுக்கு வரும், கம்பியிடுக்கில் நுழைவதுதான் கிடைக்கும். கழிப்பறை, மாஸ்டர் ஸ்டூல் போட்டுப் படம் எடுத்த மூலைக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில் இருந்ததால் தப்பித்தது. முதல் இரண்டு நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து, வகுப்பு முடியும் ஆறு மணிக்கு நான்கு பேரும் பழக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, சுவர்வரைக்கும் நடந்து, நெற்றி இடிக்கும் தூரத்தில் நிற்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்டக்டர், "ஸ்டாப்பிங் இல்ல, உக்காருங்க" என்பார். உட்காருவார்கள். நாளாக நாளாக அறை சுருங்கியது. இது பேச்சுக்குச் சொல்வதல்ல, அவளுடைய வயிறு பெரிதாகப் பெரிதாக மேஜைக்கும் சுவருக்கும் இடையில் அவள் நடக்கும் வழி ஒரு சாண் குறைந்தது. பார்லர் அக்கா நாள்பூராவும் அவள் காலைத் தேய்த்துவிட்டபடி, உடையும் கண்ணாடிச் சாமானுக்குக் காவல் இருப்பவள் மாதிரி அவள் மேல் ஒரு கண் வைத்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதி அடுத்த வெள்ளிக்கிழமை.

நான்காம் நாள் மாஸ்டர் உண்மையைச் சொன்னார். அந்தப் படத்தில் எதைச் சேவ் பண்ணினாலும் அறை கேட்டுக்கொள்ளும் என்று அவருக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். முதல் வருஷம் ஒரு மாணவன் மறந்துபோய்ச் சேவ் பண்ணினான், மறுநாள் சுவரில் ஈரக்கறை இல்லை. அதற்கப்புறம் விரிசல், பல்லிக்கறை என்று எல்லாவற்றையும் மாஸ்டரே உட்கார்ந்து எடுத்தார். கட்டடத்தின் சொந்தக்காரர் பதினோரு வருஷமாக அந்த அறைக்கு மட்டும் வெள்ளையடிக்கவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே அந்தப் படத்தப் புள்ளைங்க கையில குடுத்தீங்களா?" என்றாள் பார்லர் அக்கா.

"அதுக்குத்தானேம்மா தொண்ட கிழியக் கத்தினேன்."

"கத்தினா போதுமா? பூட்டு போட மாட்டீங்களா? எங்கிட்ட இருக்கற ப்ளீச்ச நான் பீரோல வெச்சுப் பூட்டறேன், நீங்க கதவத் தின்னுற படத்தத் தெறந்து போட்டு வெச்சிருக்கீங்க."

பிறகு வழி தேடினார்கள். சுவரை மட்டும் அழித்துப் பார்க்கலாம் என்று கண்டக்டர் ஒரு மூலையில் நக அளவுக்கு அழித்தார். அங்கே ஓர் ஓட்டை வந்தது, அந்தப் பக்கம் மாடியும் இல்லை, வானமும் இல்லை, வெறும் வெள்ளை. அதில் ஒரு பென்சிலைப் போட்டார். விழுந்த சத்தம் இன்றுவரை கேட்கவில்லை. பயந்துபோய் உடனே மூடினார்கள், ஜன்னல் கம்பியை அழித்தாலும் இதே வெள்ளைதான் வரும் என்று அதைத் தொடவில்லை. கழிப்பறைக் கதவைப் போனில் எடுத்து ஒட்டினார்கள், திறந்தால் அதே கழிப்பறை, அதே வாளி, அதே சொட்டும் குழாய். எந்தக் கதவை ஒட்டினாலும் அது போகும் இடத்துக்குத்தான் போகும் என்று புரிந்தது. அதையும் அழித்தார்கள். வேண்டியது அந்த அறையின் பழைய கதவு.

மாஸ்டர் பழைய மாணவர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டார். அந்தக் கதவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மாணவன் கிடையாது. இரண்டு நாளில் இருநூற்று எழுபது படங்கள் வந்து குவிந்தன. ஒன்றிலும் கதவு இல்லை. சிலர் பின்னணியை வெட்டியிருந்தார்கள், சிலர் மங்கலாக்கியிருந்தார்கள், ஒருவன் கதவு இருந்த இடத்தில் பனிமலை வைத்திருந்தான். பின்னணி உறுத்தினால் தூக்கிவிடு என்று சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர்தான். ஒவ்வொரு படமும் நல்ல வேலை. ஒவ்வொன்றையும் பார்த்து அவர் அழுதார்.

"எங்கப்பாகிட்ட இருக்கு" என்றாள் மகள் எட்டாம் நாள். "பர்ஸ்ல வெச்சிருப்பாரு."

கொத்தனார் அந்தப் படத்தோடு கீழே வந்து நின்றார். பதினெட்டு வருஷத்துக்கு முன், அவரே கதவை மாட்டி முடித்த அன்று, காலி அறைக்குள் அதன் முன்னால் நின்று எடுத்த படம். பக்கத்தில், கதவை விட்டு ஒதுங்கி, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது மகள். "கதை விடாம எறங்கி வரச் சொல்லுங்க" என்று மேலே பார்த்துக் கத்தினார். ஆனாலும் படத்தை வாளியில் வைத்தார். வாளி மேலே போகும்வரை கயிற்றின் அடியில் கையை ஏந்தியபடியே நின்றார்.

ஸ்கேன் பண்ணித் திறந்தால், கதவில் பாதியை அப்பா மறைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஆள் நல்ல அகலம். அவரை அப்படியே ஒட்டினால் சுவருக்குள் சிக்கிக்கொள்வார் என்று மாஸ்டர் சொன்னார். அவரை எடுத்தாக வேண்டும். ஒன்பதாம் நாள் காலை அவள் உட்கார்ந்தாள். முதலில் நகல் எடுத்தாள். அப்புறம் அப்பாவைத் தோளிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தாள். கடைசியில் விரலையும் அழித்தபோது ஆறு வயதுக்காரி காற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். மகள் உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். எடுத்தார். இருக்கிறார் என்று தெரிந்ததும் வைத்துவிட்டாள்.

தெரிந்த பாதியைத் திருப்பிப்போட்டு மறுபாதி செய்தாள். அறைப் படத்தில் ஒட்டி, சேவ் கொடுத்தாள். சுவரில் கதவு வந்தது. நான்கு பேரும் பாய்ந்தார்கள். திறக்கவில்லை. படத்தில் தெரிந்த பாதி கீல் இருந்த பாதி, அதைத் திருப்பிப்போட்டதால் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீல், தாழ்ப்பாளே இல்லை. வெளிப்பக்கம் இன்னும் அதே வெறும் சுவர்தான். அறை நம்பாத கதவை வெளியே காட்டாது போலிருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு முதல் வலி வந்தது.

கொத்தனார் அதற்குள் மாடிக்கு வந்து சுவரில் கையை வைத்து நின்றிருந்தார். போன் அடித்தது.

"அப்பா, தாழ்ப்பாள் எவ்ளோ ஒசரத்துல வெச்சீங்க?"

"ஏன் இப்படி மூச்சு வாங்கற?"

"சொல்லுங்கப்பா!"

"என் இடுப்பெலும்புக்கு ரெண்டு வெரல் மேல. பித்தள. மூணு திருகு. கீழ்த் திருகு மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கும், அன்னைக்கு நீ என் கையப் புடிச்சு இழுத்துட்ட."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?"

"ஒம்பக்கந்தான்."

அவள் வரைந்தாள். பித்தளைக்கு ஜன்னல் வெளிச்சத்திலிருந்து மஞ்சள் எடுத்தாள். தாழ்ப்பாள் பக்கத்துக் கீல்களில் இரண்டை அழித்தாள். மூன்றாவதைப் பாதி அழித்தபோது அடுத்த வலி வந்தது, மவுஸை விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பார்லர் அக்கா குனிந்து சேவை அழுத்தினாள். வெளியே கொத்தனாரின் உள்ளங்கைக்கு அடியில் சுவர் மரமானது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவர் தள்ளினார், கதவு திறந்தது, மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கினாள். மதியம் மூன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. செருப்பை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மாஸ்டர் அந்தப் படம் இருந்த மெஷினையே பீரோவில் வைத்துப் பூட்டினார். மகள் ஸ்டூடியோ வேலையில் சேர்ந்து பெயர் வாங்கினாள். கண்டக்டர் மேனேஜரை எடுத்துவிட்டார், நகலிலிருந்துதான். கொத்தனார் மட்டும் யார் கேட்டாலும், "எவனோ பூசினான், அப்புறம் சொரண்டிட்டான்" என்றுதான் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் வருஷம் கதவுகளுக்கு எண்ணெய் விட ஒரு தச்சர் வந்தார். தாழ்ப்பாள் பக்கம் கீழே, சட்டத்தைத் தொடாமல், கதவில் மட்டும் ஒட்டியிருந்த பாதிக் கீலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். மாடியே கூடிவிட்டது. கொத்தனார் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தார்.

"எந்தக் கூறுகெட்டவன்யா இந்தக் கதவ மாட்டினது?" என்று கேட்டார் தச்சர். "கீல் ஒரு பக்கம், அரைக் கீல் மறுபக்கம்! குடிச்சுட்டு வேல செஞ்சானா?"

கொத்தனாரின் முகம் சிவந்தது. பேத்தியைப் பார்த்தார், கீலைப் பார்த்தார். குனிந்து தன் சட்டை நுனியால் அதன் தூசியைத் துடைத்தார்.

"நான் மாட்டின கதவுல அது இல்ல" என்றார். "அது எம்பொண்ணு வெச்சது. வலி வந்துருச்சு, பாதிதான் அழிக்க முடிஞ்சுது. இங்க கதவே இல்லாம ஒம்பது நாள் வெறும் சுவருதான் இருந்துச்சு. நான் தடவிப் பாத்தேன்யா, ஒரே ஆணி ஓட்ட ஏழு எடத்துல. நடந்துச்சு. எண்ணெய விடு, அதுக்கும் ஒரு சொட்டு."