இஸ்திரிப் பெட்டி

நாற்பத்துமூன்று வீடியோக்களும் முடிந்தன, பிழை ஏதுமில்லை என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. அண்ணியைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டேன். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

அண்ணன் போய் ஏழு வாரம். அவன் செல்போனில் எடுத்து வைத்திருந்த வீடியோக்கள் இவை. "கொஞ்சம் தெளிவாப் பண்ணித் தர முடியுமா தம்பி?" என்று அண்ணி கேட்டிருந்தார். இந்த ஏழு வாரத்தில் அழுகை எதுவும் எனக்கு வரவில்லை, வரும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. அலுவலகம் போனேன், வந்தேன். துக்கம் விசாரித்தவர்களிடம் "ஆமாங்க, திடீர்னுதான்" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி ஆகிவிட்டது.

கருவி நானே எழுதியது, ஐந்து வருட உழைப்பு. வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரிக்கும். எடுத்தவரின் கை ஆட்டத்தை அளந்து நீக்கும். பின்னணி இரைச்சலைத் துடைக்கும். மங்கிய முகங்களை ஏஐ தெளிவாக்கும், ஓரங்களில் விட்டுப்போனதையும் அதுவே வரைந்து நிரப்பும். கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி வீடியோவாகக் கோத்துத் தரும். கடையில் இருக்கும் மென்பொருள் எதுவும் எனக்குப் பிடிக்காது. "சட்டை வேணும்னா பருத்தி விதைக்கப் போற ஆளுடா நீ" என்பான் அண்ணன். சுருக்கம் எடுக்கிற சாமான் என்பதால் இதற்கு இஸ்திரிப் பெட்டி என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

முதல் வீடியோவை ஓட்டினேன். அண்ணன் மகள் குட்டி மாடிப்படி ஏறி ஓடுகிறாள். பின்னாலேயே படம் வழுக்கிக்கொண்டு போகிறது, எண்ணெய் போட்ட மாதிரி. மேலே போனதும் அவள் ஓரமாக மறைந்துவிட, வெறும் சுவர் மட்டும் அசையாமல் நிற்கிறது. சத்தம் துளிகூட இல்லை. அண்ணி ஐந்தாறு வீடியோ பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. அவரு எங்க?"

"அண்ணன் எதுலயும் இல்லையே அண்ணி. எல்லாம் எடுத்தது அவன்தானே."

"அது தெரியும். அவரு மூச்சு கேக்கும். கனத்த உடம்பாச்சே, படி ஏறினா புஸ்ஸு புஸ்ஸுன்னு வரும். படமும் கூடவே ஆடும். நான் அதுக்குத்தான் தெனம் போட்டுப் பாப்பேன். குட்டி எங்க போயிட்டா, உள்ளதான் இருக்கா." திரையைக் காட்டினார். "சரி, பழையதப் போடுங்க."

பழையது இல்லை. என் கணினியில் எப்போதும் இடம் பற்றாது. அதனால், வேலை ஒழுங்காக முடிந்தால் புதியதைப் பழையதன் மேலேயே எழுதிவிடு என்று என்றைக்கோ ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை மறந்தே போயிருந்தேன். போனிலும் இல்லை. போன வாரம் நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, "காப்பி என்கிட்ட இருக்கு அண்ணி, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போனைக் குட்டிக்குக் குடுத்துடுங்க" என்றேன்.

பழையது அழிந்துவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். வேறு என்ன செய்வது?

"எல்லாத்துலயுமா போச்சு?"

"எல்லாத்துலயும்."

அண்ணி துண்டை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார். எழுந்து உள்ளே போனார். குழாய் திறந்த சத்தம் வந்தது, பாத்திரம் கழுவும் சத்தம் வரவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அண்ணனை இரண்டாவது முறை அனுப்பிவைத்தவன் நான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மரத்துப்போன காலில் ஊசி இறங்குவது தெரிகிற மாதிரி, தெரிந்தது, அவ்வளவுதான். வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் கோப்புகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை நீக்குவதற்கு முன்னால் கருவி அதை அளக்கும். ஒவ்வொரு படமும் எவ்வளவு மேலே போனது, எவ்வளவு சாய்ந்தது என்று எண்களாக எழுதி வைக்கும். அளவில் சின்னக் கோப்புகள் என்பதால் அவற்றை நான் அழிக்கச் சொல்லவில்லை. நாற்பத்துமூன்றும் இருந்தன.

கருவி ஆட்டத்தை எங்கெல்லாம் கழித்ததோ அங்கெல்லாம் கூட்டு. அதற்கு நான் எழுதிய நிரல் ஐம்பது வரிகூட இல்லை. நாலு மணிக்குச் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"மூச்சுச் சத்தம் வராது அண்ணி. அது போனது போனதுதான். ஒரு தடவை வந்து பாருங்க."

வந்தார். உட்காரவில்லை.

குட்டி ஓடினாள். பின்னாலேயே படம் தூக்கித் தூக்கிப் போட்டது, ஓரங்களில் கறுப்பு வந்து வந்து போனது. ஏழாவது படியில் நின்றது, திரும்ப ஏறியது. மேலே போனதும் அவள் மறைந்தாள். சுவர் மட்டும் இருந்தது. சுவர் மெதுவாக மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது.

"மூச்சு வாங்குறாரு" என்றார் அண்ணி.

எனக்கு இப்போது வலித்தது. சுவரின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு சட்டென்று படம் கீழே சாய்ந்தது. அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.