அப்பா பேரில் ஓடிய வருஷம்

வேலை கிடைத்த சந்தோஷம் குண்டூசிக்குச் சரியாக இரண்டு நாள்தான் நீடித்தது. மூன்றாம் நாள் வந்த கடிதத்தில், ஓட்டிவர ஒரு காரும் அதற்கு இன்சூரன்ஸும் இருந்தால்தான் சேர முடியும் என்று போட்டிருந்தார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினான்கு பம்பு நிலையங்களுக்குப் போய், பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பாட்டில் தூக்கவா கெமிஸ்ட்ரி படித்தாய் என்று அம்மா கேட்டாள். ஒல்லி உடம்புக்கும் குத்துகிற வாய்க்கும் சேர்த்து வீட்டில் வைத்த பெயர்தான் குண்டூசி. ஆனால் அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக இப்போதுதான் ஒரு வழி பிறந்திருக்கிறது, அதை வாய்ச்சண்டையில் கெடுத்துக்கொள்ள அவளுக்கென்ன பைத்தியமா?

காருக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் பழைய கார் அவர் ஓய்வு பெற்றதிலிருந்து வாசலில் தூசு படிந்து நின்றது. இன்சூரன்ஸ்தான் ஆளைக் கொன்றது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, மருந்துக்கடை மாடியில் இருந்த ஏஜென்ட் அக்கா கம்ப்யூட்டரில் விவரத்தைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"வயசு இருபத்திரெண்டு. லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம். உங்க பேர்ல போட்டா மூணு மாசச் சம்பளம் போயிடும்மா. அப்பா பேர்ல போட்டு, ஓட்டுறவங்கள்ல உங்களையும் சேர்த்துக்கிட்டா அதுல பாதி. கார்ல ஒரு சின்னப் பெட்டி மாட்டிக்கிட்டா இன்னும் குறையும்."

எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம் என்று கார் போகிற போக்கையெல்லாம் அந்தப் பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும். பாலிசி யார் பேரில் இருக்கிறதோ அவர் போனுக்குத் தினமும் காலையில் அறிக்கை வரும். ராத்திரியில் கார் அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். இவ்வளவுதானே என்று குண்டூசி தலையாட்டிவிட்டு, லைசென்ஸை ஜெராக்ஸ் எடுக்கக் கீழே ஓடினாள். திரும்பி வருவதற்குள் அப்பா கையெழுத்தே போட்டு முடித்திருந்தார்.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அந்த அறிக்கையைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். குண்டூசியின் அப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே தாமதமாயிற்று என்று எழுதியே காலத்தை ஓட்டிய மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு எழுத எதுவுமில்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தவருக்கு மகளே ஒரு பஸ்ஸாகக் கிடைத்தால் விடுவாரா?

"நேத்து மூணாவது பம்பு நிலையத்துல இருபத்தாறு நிமிஷம் நின்னிருக்கே. முந்தாநாள் பன்னெண்டுதானே?"

"பூட்டு திறக்கலப்பா."

"ஆறு பத்துக்கு சடார்னு ஒரு பிரேக்."

"நாய் குறுக்க வந்துச்சு."

"நாய்," என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். கோபமே கிடையாது. அதுதான் அவளை மூச்சுமுட்ட வைத்தது. திட்டுகிற அப்பாவிடம் பதிலுக்குக் கத்தலாம். பாசமாக நோட்டில் எழுதிக்கொள்ளும் அப்பாவை என்ன செய்வது? சிநேகிதியோடு காபி குடிக்கப் போனால் காரை எட்டிப் போய்ப் பக்கத்துத் தெருவில் நிறுத்தினாள். அந்தத் தெருவுக்கும் மறுநாள் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் காபியையே விட்டுவிட்டாள்.

ஏழாம் மாதம் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாயிற்று. ஒரே ஜன்னல், ஒரு அடுப்பு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள் குண்டூசி. மூன்று முறை போய்ப் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னாள் வீட்டுக்காரி. ஆனால் குடிபோனால் கார் அப்பா வீட்டு வாசலில் நிற்காது. நிற்காவிட்டால் அந்த மலிவு பாலிசி செல்லாது. பாலிசி இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அறை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஏஜென்ட் அக்காவிடம் ஓடினாள். "இன்னும் அஞ்சு மாசம்தானேக்கா? விபத்தில்லாம ஒரு வருஷம் ஓட்டிட்டா அடுத்த வருஷம் என் பேர்ல குறைஞ்ச ரேட்ல கிடைக்கும்ல? அதுவரைக்கும் ரூமை யாருக்கும் விடாதீங்கன்னு வீட்டுக்காரியக் கெஞ்சிப் பார்க்கிறேன்."

ஏஜென்ட் அக்கா பேனாவை மூடி வைத்தாள். "அந்த வருஷம் உங்க அப்பா பேர்லதான்மா சேரும். பாலிசி அவரோடது. நீங்க அடுத்த வருஷமும் புது ஆளுதான், அப்பவும் இதே ரேட்தான். அன்னிக்கே அவர்கிட்ட விவரமா சொன்னேனே. நீங்க ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தீங்க."

அக்காவிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். வண்டியை நேரே வீட்டுக்கு விட்டாள். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டே?"

"வருஷம் உங்க பேர்லதான் சேரும்னு தெரியுமாப்பா உங்களுக்கு?"

அப்பா பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடியும் மடித்தார். "தெரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் பேர்ல சேர்ந்தா வருஷம் முடிஞ்சதும் நீ கிளம்பிடுவே." அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்த ரூமைக்கூடப் போய்ப் பார்த்தேன். மூணு தடவை அதே தெருவுல நின்னிருந்தே. பஸ் பிடிச்சுப் போனேன். நல்ல ரூம்தான். காத்து வரும்."

ஏழு மாதம் ஒரு நாள் தவறாமல் ஓட்டியிருக்கிறாள், ஒரு கீறல் இல்லை. அத்தனையும் காரையே தொடாத இந்த மனுஷன் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைவிட மோசம், அவர்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை. அறை நன்றாக இருக்கிறதா, காற்று வருமா என்று அலைந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார், போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

ஏஜென்ட் அக்கா கொடுத்தனுப்பிய தாளை மேஜைமேல் வைத்தாள். "இது பாலிசியை ரத்து பண்ற பாரம். நாளைலேர்ந்து என் பேர்ல போடப்போறேன். முழுப் பணம், மாசாமாசம் பிடிச்சுக்குவாங்க. நீங்க கையெழுத்துப் போடணும்."

அப்பா தாளைத் தொடவில்லை. "அப்போ ரூம்?"

"ரெண்டுக்கும் சம்பளம் காணாதுப்பா. ரூம் வேணாம்னு சொல்லிடுறேன். இங்கேயேதான் இருக்கப்போறேன், இன்னும் ஒரு வருஷம். ஆனா அந்த ஒரு வருஷம் என்னோடது."

கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இங்கேயேதான் என்றதுமே முகம் மலர்ந்துவிட்டது. பேனா எங்கே, பேனா எங்கே என்று தேடி, அடுக்களையைப் பார்த்து, "கேட்டியா, குண்டூசி எங்கேயும் போகல!" என்று கூவினார். அழகாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை அழாமல் இருந்தவள் அவருடைய அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் அழுதாள். அவளும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.