துலா மிதிக்க ஒரு ஆள்

கரம்பொன்னில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மதகு இருந்தது. கீழே மாரியில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். மேலே வருஷம் முழுக்கச் செல்வரத்தினம் குந்தியிருப்பான். பக்கத்தில் சில்வெஸ்ரர். மூன்றாவது இடம் என்னுடையது. போவோர் வருவோருக்குப் பட்டம் வைப்பதுதான் எங்கள் உத்தியோகம்.

பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டில் கிடந்த எனக்கு அந்த மதகு பெரிய ஆறுதல். "உன்ரை மூளைக்கு உன்னை எடுக்காதது உவங்களுக்குத்தான் நட்டம், மச்சான்" என்பான் செல்வரத்தினம். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐயாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை. வருஷத்தில் இரண்டு தரம் வருவார். வரும்போதெல்லாம் என்னைக் கடைக்கு வா என்பார். கடை என்றால் விடியப் பலகை கழற்றி, இரவு பலகை போட்டு, சீனி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவே படுக்க வேண்டும். செத்தாலும் போகமாட்டேன் என்றேன். வெளிநாட்டு மிளகாய் வருவது நின்று காய்ந்த செத்தல் மிளகாயின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தோட்டத்தில் மிளகாய் வைக்கிறேன் என்று கேட்டேன்.

"ஒரு போகம்" என்றார் ஐயா. "சரிவராட்டில் பேசாமல் வந்து கடையிலை நிக்கவேணும்."

கிணறு பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி பக்கத்துக் காணிக்காரருக்கு; இறைப்பும் முறை வைத்து மாறி மாறித்தான். அவர்களோடு எங்களுக்கு ஊர்காவற்றுறைக் கோட்டில் வழக்கு. எல்லை வேலியில் நின்ற ஒரு பூவரசு யாருடையது என்பது விஷயம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுப்பறைச்சல் இல்லை. அந்த வீட்டு மகன் மார்க்கண்டு என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். வழக்கு வந்த பிறகு என்னைக் கண்டால் காறித் துப்புவான். நானும் கடன் வைக்கமாட்டேன்.

கிணற்றுக்கு மேலே கட்டிய நீண்ட துலா மரத்தால் தண்ணீர் இறைக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க வேண்டும். ஒருவர் கிணற்றடியில் நின்று தண்ணீர் மொள்ளும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற வேண்டும். ஒருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிட வேண்டும். தண்ணீர் மாற்ற அம்மா இருந்தாள். துலா மிதிக்க மதகடியில் கேட்டேன்.

"நீ கேக்கவும் வேணுமோ மச்சான்? விடிய வந்து நிப்பம்" என்றான் செல்வரத்தினம்.

வரவில்லை. மறுநாள் கேட்டால் வயிற்றுக்குத்தாம். அடுத்த முறைக்கும் வரவில்லை. அது சில்வெஸ்ரரின் வயிற்றுக்குத்து. மூன்றாவது முறையும் தவறினால் கன்றுகள் செத்துவிடும் என்று எனக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. வாடிக் கிடந்த கன்றுகளைப் பார்த்தபடி நின்றோம். அப்போது மார்க்கண்டு வந்தான். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் துலாவில் ஏறினான்.

"நான் மிதிக்கிறன். நீர் பட்டையைப் பிடியும்."

"உம்மை ஆர் கூப்பிட்டது?"

"உமக்காண்டி வரேல்லை. எங்கடை ஐயாவுக்கு இழுப்பு, என்ரை முறைக்கும் ஆளில்லை. நாளைக்கு நீர் வந்து மிதியும். வராட்டில் இதுதான் கடைசி. வழக்கு வழக்குத்தான்."

போனேன். அன்றிலிருந்து முறைக்கு முறை அவன் வந்தான், நான் போனேன். அவனைப் போல ஒரு அருவருப்பான வாயை நான் கண்டதில்லை. "உதென்ன பாத்தியோ, பன்றி உழக்கின இடமோ?" என்பான். "பாதித் தண்ணியை வாய்க்கால் குடிக்குது. நீர் என்னத்தைப் படிச்சனீர்?" என்பான். அந்த வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே ஆத்திரத்தில் பின்னேரம் முழுவதும் நின்று பாத்திகளைத் திருப்பிக் கட்டினேன். அடுத்த முறை வேறொரு பிழை கண்டுபிடித்தான். அதையும் திருத்தினேன். மிளகாய் பூத்தது, பிஞ்சு பிடித்தது. ஒரு நாளாவது நல்லாயிருக்கு என்று சொன்னானா? இல்லை.

மதகடிக்குப் போக நேரமில்லை. அங்கே எனக்கும் பட்டம் வைத்தார்கள்: மார்க்கண்டுவின்ரை மாடு.

சித்திரை வருஷப்பிறப்புக்கு ஐயா வந்தார். பஸ்ஸால் இறங்கியதும் மதகடியில் செல்வரத்தினம் அவரைப் பிடித்து, எங்கள் துலாவை யார் மிதிக்கிறான் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கிணற்றடிக்கு வந்தார் ஐயா. பின்னால் அவருடைய பெட்டியைச் சுமந்துகொண்டு செல்வரத்தினம், அவனுக்குப் பின்னால் சில்வெஸ்ரர்.

"வழக்குக்காரன்ரை மோன் என்ரை துலாவிலையோ? இறங்கடா!"

"பாதித் துலா எங்கடை" என்றான் மார்க்கண்டு. இருந்தாலும் இறங்கினான்.

"நாங்கள் வாறம் வாறம் எண்டு எத்தினை தரம் சொன்னனாங்கள், மாமா" என்றான் செல்வரத்தினம். "உவன்தான் எங்களை வேண்டாமெண்டு எதிரியைப் பிடிச்சவன்."

அவனைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடலாமா என்று இருந்தது. "சரி" என்றேன். "இப்ப ஏறு."

ஐயா பார்த்துக்கொண்டு நின்றதால் அவனால் மறுக்க முடியவில்லை. தேய்த்து மடிப்பெடுத்த களிசானோடு ஏறினான். இரண்டு எட்டு வைத்தான். துலா சரிந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

"துலாவைத் தாங்கிற ஆடுகால் சரியில்லை, மாமா!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சில்வெஸ்ரரைப் பார்த்தேன். கேட்பதற்கு முன்பே அவனுக்குத் தலைச்சுற்று வந்துவிட்டது.

செல்வரத்தினம் தவழ்ந்து இறங்கினான். "இதுக்கே கோவிக்கிறாய், மச்சான்? பழகின சிநேகிதமெல்லே?"

"கண்டறியாத சிநேகிதம்!" என்று கத்தினேன். "உன்னோடை இருந்தால் நான் பெரிய கெட்டிக்காரன். ரெண்டு வருஷம் கெட்டிக்காரனா இருந்து மதகைத் தேய்ச்சதுதான் மிச்சம். இவன்ரை வாயிலை ஒரு நல்ல சொல் நான் கேட்டதில்லை. ஆனா உந்தத் தோட்டத்தைப் பார். நான் வைச்சது. இனி நீ எனக்கு வேண்டாம், போ!" பிறகு ஐயாவிடம் திரும்பினேன். "வழக்கை நீங்கள் பாருங்கோ ஐயா. துலா மிதிக்க எனக்கு இவன் வேணும். ஏலாதெண்டால் இண்டைக்கே கடைக்கு வாறன்."

ஐயாவை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. செல்வரத்தினம் பெட்டியை மண்ணில் போட்டுவிட்டு, ஏதோ முணுமுணுத்தபடி சில்வெஸ்ரரோடு போனான்.

ஐயா பாத்திகளைச் சுற்றி வந்தார். ஒரு செடியை நிமிர்த்திக் காய்களைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, அம்மாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார்.

"பூவரசு எங்கடை" என்றார் மார்க்கண்டுவைப் பார்த்து.

"கோட்டிலை பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே அவன் துலாவில் ஏறினான்.

தண்ணீர் வாய்க்காலில் ஓடத் தொடங்கியது. ஐயா முதல் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார். பிறகு குனிந்தபடியே, "கடைக்கு வேறை ஆளைப் பாக்கிறன்" என்றார். "வாய்க்கால் ஆர் வெட்டினது?"

"நான்தான்."

"நல்ல நேராத்தான் வெட்டியிருக்கிறாய்."

ஐயா என்னைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"நேரில்லை" என்று துலாவிலிருந்து குரல் வந்தது. "கடைசிப் பாத்தியடியிலை வளையுது."

பாழாய்ப் போவான்! பட்டையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன். வளைந்துதான் கிடந்தது.