முந்நூற்றுப் பன்னிரண்டு பொம்மைகள்

என் அப்பா சுயம்புலிங்கம் சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கரிவலம்வந்தநல்லூர், பனவடலிசத்திரம் பக்கத்துக் கிணறுகளில் எரிந்துபோகும் மோட்டார்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். நகக்கண்ணில் எப்போதும் வார்னிஷ் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கையோடு மாடி அறையில் உட்கார்ந்து, விரல் நீளமே உள்ள ஒரு பிளாஸ்டிக் வீரனின் இடுப்பைத் திறந்து, உள்ளே அறுந்துபோன ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுப் புதிது மாட்டுவார்.

அப்பா சேர்த்தது பழைய ஆக்‌ஷன் ஃபிகர்கள். முழங்கையும் முழங்காலும் மடங்கும், தலை திரும்பும், கையில் துப்பாக்கி பிடிக்கும் சின்ன வீரர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாட்டு அச்சை வாங்கி இங்கேயே வார்த்து விற்றவை. இங்கே கிடைத்த சாயத்தில் வார்த்ததால், பச்சைச் சட்டை போட வேண்டியவன் ஆரஞ்சுச் சட்டையில் வந்திருப்பான். அந்தத் தப்புக்காகவே பல தேசங்களில் ஆட்கள் அதைத் தேடுகிறார்கள் என்பார் அப்பா. சிவகிரியில் பல வருடம் மூடிக்கிடந்த ஃபேன்சி ஸ்டோர் ஒன்றின் குடோனுக்குள் போய், அட்டையிலிருந்து பிரிக்காத நாற்பத்தொரு பேரை ஒரே நாளில் எடுத்துக்கொண்டு வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது காதில் விழவே இல்லை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தெருவில் எங்கள் வீட்டை ‘பொம்மைக்காரர் வீடு’ என்று சொன்னது அவளுக்குப் பெரிய அவமானம்.

“பொம்மை இல்ல தங்கம், ஆக்‌ஷன் ஃபிகர்,” என்பார் அப்பா.

“அந்த வார்த்தைய வெளிய சொல்லாதீக. வயசுப்பிள்ள இருக்க வீடு,” என்பாள் அம்மா.

மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. அப்பா ஜன்னல்களுக்குத் தென்னந்தட்டி கட்டி, அலமாரிக் கதவுகளை லேசாகத் திறந்துவைத்து, பகல் முழுக்க மின்விசிறியை ஓடவிடுவார். “அடைச்சு வச்சா செத்துரும். காத்து வேணும்,” என்பார். அவர் இறந்துபோன வருடம் வெயில் காலத்தில் ஒருநாள் அம்மா மேலே போய் மின்விசிறியை நிறுத்தினாள். அவர் போய்ப் போட்டார். அவள் மறுபடி நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கவே கத்தினாள்: “நான் செத்துக் கெடந்தாலும் இந்தப் பொம்மைக்குத்தான் விசிறுவீக!”

இரண்டு மாதம் கழித்து, கடையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோதே அப்பா சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தும் அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அதை என்னிடம் கொடுத்து, “யாருன்னு பாரு அபிஷா, காயில் குடுத்தவுகளா இருக்கும்,” என்றாள். காயில் கொடுத்தவர்கள் இல்லை. புனேயில் ஒரு பல் டாக்டர், கொழும்பில் ஒரு வாத்தியார், பிரேசிலில் யாரோ ஒரு பெண். ‘சங்கரன்கோவில் லிங்கம்’ போய்விட்டாரா என்று நம்பமுடியாமல் கேட்டு எழுதியிருந்தார்கள். சின்ன வயதில் தன் அண்ணன் வாங்கித் தந்த பொம்மை இரண்டாக உடைந்து கிடந்ததென்றும், லிங்கம் தபாலில் அனுப்பிய ரப்பர் வளையத்தால்தான் அது இன்றைக்கும் நிற்கிறதென்றும், அந்த அண்ணன் இப்போது இல்லையென்றும் அந்தப் பெண் எழுதியிருந்தாள்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“திரும்ப வாசி.”

வாசித்தேன்.

“உங்கப்பாவுக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியுமாட்டி?”

“தெரியாதும்மா. ரெண்டு வார்த்தையும் போட்டோவும்தான் போடுவாங்க.”

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவள் மாடி அறையில் இருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இருந்த நாளில் அவள் அவற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் சென்னைக்கு வேலைக்குத் திரும்பினேன். ஐப்பசி மழையில் சுவர் ஊறி, ஓர் அட்டையின் முதுகில் செல் அரித்துவிட்டது. அம்மா போனில் அழுதாள். “அவுக வச்சிட்டுப் போனத செல்லுக்குக் குடுத்துட்டேனே!” தீபாவளிக்கு வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்கினோம். அம்மா மெல்லிய வாயில் துணி புதிதாக வாங்கிக் கிழித்து, ஒவ்வொன்றையும் பச்சைப்பிள்ளையைச் சுற்றுவது மாதிரிச் சுற்றினாள். இரண்டு பெரிய தகரப் பெட்டிகள். அடுக்கடுக்காக வைத்து, இடையில் பாச்சை உருண்டை போட்டோம். தேரடிப் பக்கத்துக் கடையில் நாலு பாக்கெட் வாங்கி வந்தது நான்தான். மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டியபோது அம்மா சொன்னாள்: “இனிமே காத்துகூடப் போவாது.”

எனக்கு அப்போது அப்பாவின் குரல் ஞாபகம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை அம்மா டேப்பைப் பிரித்து, மேலடுக்கின் மேல் புது உருண்டைகள் போட்டுவிட்டு மறுபடி ஒட்டுவாள். துணியைப் பிரித்தால் காற்றும் பூச்சியும் போகும் என்று உள்ளே பார்ப்பதில்லை. “ஒரு பூச்சி கிட்ட வராது மக்கா,” என்று போனில் சொல்வாள். நல்லதும்மா என்பேன். பெட்டிகள் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரண்டு கோடைகள் இருந்தன.

இந்த வருடம் பங்குனியில் ஆஷிக் அலி என்பவர் என்னைப் போனில் கூப்பிட்டார். மேலப்பாளையத்துக்காரர், சென்னையில் தொழில். அவரும் நண்பர்களும் பழைய விளையாட்டுச் சாமான்களுக்கென்று சென்னையில் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்போகிறார்கள். அதில் ஒரு சுவர் முழுக்க அப்பாவின் பெயரில், அப்பா சேர்த்தவை பிரியாமல் ஒன்றாக. அம்மாவிடம் சொன்னேன். “சுவரு முழுக்கவா?” என்றாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் பஞ்சு, தூரிகை, வெள்ளைக் கையுறை எல்லாம் வைத்த பை. அம்மா நல்ல சேலை உடுத்தியிருந்தாள்.

“அண்ணாச்சிய நான் நேர்ல பார்த்ததே இல்லக்கா. எட்டு வருசமா போன்லதான். என்ன சந்தேகம்னாலும் அவுககிட்டதான் கேப்பேன்.”

“நான்தான் தம்பி தெரியாம இருந்துட்டேன். ஆனா ஒண்ணுகூடக் கெடாம வச்சிருக்கேன். வாங்க.”

மாடி ஏறும்போதே வாடை வந்தது. ஆஷிக் அலி படியில் ஒரு கணம் நின்று மூக்கை உறிஞ்சினார். அம்மா கவனிக்கவில்லை. டேப்பை உரித்து முதல் பெட்டியைத் திறந்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நெடி முகத்தில் அடித்தது. மேலாக இருந்த ஒரு துணிச்சுருளை எடுத்து, பெருமையோடு அவர் கையில் கொடுத்தாள்.

துணி பிரியவில்லை. அவர் மெல்ல இழுத்தார். பசை இழுப்பது மாதிரி ஒரு சத்தம். துணியோடு சட்டையின் சாயமும் பாதி முகமும் வந்துவிட்டன. மடங்கியிருந்த கை மார்போடு ஒட்டிப்போயிருந்தது.

அவர் அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. அட்டையோடு இருந்தவற்றில் முன்பக்கத்துக் குமிழ் மஞ்சளாகிச் சுருங்கி, உள்ளே இருந்தவனின் தலையில் அப்பிக்கிடந்தது. கீழ் அடுக்குகளில் நாலைந்து பேர் துணியோடு ஒரே கட்டியாகிவிட்டிருந்தார்கள்.

“துடைச்சா போயிருமா தம்பி?” என்றாள் அம்மா. யாரும் பதில் சொல்வதற்குள் கீழே ஓடி, தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள். ஒரு வீரனை மடியில் வைத்துக்கொண்டு, விரலில் எண்ணெய் தொட்டு முகத்தில் தடவினாள். கண் இரண்டும் அவள் விரலோடு வந்துவிட்டன. அவள் விரலைப் பார்த்தாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். எண்ணெய்ப் பாட்டிலை மூடத் திருகிக்கொண்டே இருந்தாள், மூடி கீழே கிடந்தது தெரியாமல்.

ஆஷிக் அலி விடவில்லை. சட்டை நனைய மூன்று மணி நேரம் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. பிறகு வெளியே வந்து மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அந்த உருண்டைதான் காரணம். அதோட ஆவி பிளாஸ்டிக்க இளக்கிரும். அடைச்ச பெட்டி, இந்த வெக்க. சும்மா அலமாரில கெடந்திருந்தாக்கூட நாலஞ்சுதான் போயிருக்கும். அக்காட்ட சொல்லிராதீங்க. தாங்க மாட்டாங்க.”

“என்னம்மா சொல்லுதாரு?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

“வெயிலும்மா. பழைய பிளாஸ்டிக் வெயில் தாங்காதாம். யாரு வச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகுமாம்.”

அம்மா ஆக்கி வைத்த சோற்றை அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவளுக்காகவே இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார் என்று நினைக்கிறேன். அப்பா ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா, எது எங்கே கிடைத்தது என்ற குறிப்பு ஏதாவது, என்று கேட்டார். இல்லை. எல்லாம் அப்பாவின் தலைக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் போனில் இருந்த படங்களும் இப்போது இல்லை. அது கெட்டுப்போனபோது கடையில் கொடுத்துச் சுத்தமாக அழித்து வாங்கியிருந்தேன். அப்பா எப்போதோ தனக்கு அனுப்பிய பதினெட்டுப் படங்கள் இருக்கின்றன என்றார் ஆஷிக் அலி. “அதைப் பிரிண்ட் போட்டு மாட்டுதேன்க்கா. பேரு கண்டிப்பா இருக்கும்.” வெறும் பையோடு பஸ் ஏறப் போனார்.

மறுநாள் சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கையில் பாதி தீர்ந்த பாச்சை உருண்டைப் பாக்கெட்.

“இதுக்குப் பின்னால பொடி எழுத்துல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு. வாசி.”

வாங்கிப் பார்த்தேன். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று வாசித்தேன். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவவும். உணவுப் பொருள் பக்கத்தில் வைக்கக் கூடாது. அடுத்த வரியைத் தாண்டி, தயாரித்த தேதிக்குப் போனேன்.

“நடுவுல ஒரு வரிய விட்டுட்டியே.”

“இல்லம்மா, அவ்வளவுதான்.”

“நான் பத்தாவது வரைக்கும் படிச்சவட்டி. பிளாஸ்டிக்குங்க எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியும். அதுக்கு முன்னாடி என்ன போட்டிருக்குன்னுதான் தெரியல.”

அவள் பாக்கெட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“மாசாமாசம் போட்டேனே அபிஷா. ஒரு மாசம் மறந்திருக்கக் கூடாதா நானு!”

“வாங்கிட்டு வந்தது நான்தானம்மா.”

“நீ சின்னப்பிள்ள. உனக்கு என்ன தெரியும்?”

எனக்கு இருபத்தேழு வயது. அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் அப்பாவைப் பற்றிப் பேசுவதே நின்றுவிட்டது. முன்பு போனில் தினமும் அவரைத் திட்டியாவது இரண்டு வார்த்தை சொல்வாள். இப்போது சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்பதோடு சரி. பெட்டிகளைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். திறக்கவும் விடவில்லை.

ஆவணியில் காட்சிக்கூடம் திறந்தது. நான் லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிப்போக ஊருக்கு வந்தேன். வரமாட்டேன் என்றவளைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். டிக்கெட் எடுத்தாயிற்று. ஒரு சின்னப் பையில் இரண்டு சேலையோடு ஸ்டேஷன் வரை வந்தாள். ரயில் வந்து நின்றது. நான் பைகளை ஏற்றிவிட்டுத் திரும்பிக் கை நீட்டினேன். அவள் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே தன் பையை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

“நீ போயிட்டு வா மக்கா.”

“என்னம்மா இது, கடைசி நேரத்துல? ஏறு.”

“அங்கன எல்லாரும் அவுக ஆளுங்க. அந்தப் பொம்மையெல்லாம் எங்கம்மான்னு ஒருத்தரு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்?”

“யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

“கேக்காம என் மூஞ்சியப் பார்த்தா?”

ரயில் நகர்ந்தது. பையைக் கொடுத்துவிட்டேன். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அவள் கையை ஆட்டி, போ, போ என்றாள். ஜன்னலுக்கு வந்து பார்த்தபோது அவள் அதே இடத்தில், பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் அந்தச் சுவரின் முன்னால் நான் மட்டும் நின்றேன். பதினெட்டுப் படங்கள். மேலே அப்பாவின் பெயர், ஊர்ப் பெயர். வந்தவர்களில் ஒருவர், அசல் எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன்.